திருகைத் திருகாதேயும், மருமவனே!

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். பெங்களூருலேருந்து லீவுக்கு வந்தவரு அம்மைகிட்ட ரெண்டு வார்த்தை பேசினீரோ இல்லையோ, பொட்டியைப் பிரிச்சு உலோகம் தேடுற மெஷினைப் பூட்டிட்டீருன்னு தெருவே பேசுது. நேத்து சாயங்காலம் நீரு கடக்கரையில நின்ன கோலத்தை நானும் பாத்தேன். காதை மூடி ரெண்டு சட்டி, கையில நீளக் கம்பு, கம்பு நுனியில வட்டத்தட்டு, முகத்துல கொலம்பஸ் களை. தோண்டின குழி எத்தனைன்னு எண்ண முடியல. நண்டெல்லாம் தன் வளை எது உம்ம குழி எதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. வசூல் என்ன? சோடா மூடி, துருப்பிடிச்ச ஆணி, பஞ்சாமிர்த டப்பா மூடி, வலையில கட்டுற ஈயக்குண்டு, தலைக்குக் குத்துற ஊசி. பரவாயில்ல, கோயில் கடக்கரையைக் கூட்டிப் பெருக்கின புண்ணியம் உண்டு உமக்கு.

உம்ம மெஷினைக் குத்தம் சொல்லல வே. நல்ல மெஷின். வாங்கின உடனே ஒண்ணைத் தவிர எல்லாத் திருகையும் வலது கோடிக்கு முறுக்கினீரு பாத்தீரா, அங்கதான் கோளாறு. குடுத்த காசு முழுசையும் அனுபவிச்சுரணும்னு ஒரு நெனப்பு. ரேடியோவைப் புதுசா வாங்கினவனும் அப்படித்தான் ஊரைக் கூட்டினான்.

“இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்”னு நீரு மனசுல நெனைக்கது எனக்குக் கேக்கு. சங்கு குளிச்சவன் நான். அப்புறம் துபாய் துறைமுகத்துல கப்பலுக்கு அடியில முங்கி வேலை பாத்தேன். அறுந்து விழுந்த நங்கூரச் சங்கிலி, சேத்துல புதைஞ்ச குழாய், இதெல்லாம் தேடுறதுக்குக் கம்பெனிக்காரன் கையில குடுத்தது உம்ம மெஷினோட பெரியப்பனைத்தான். ‘பல்ஸ் இண்டக்ஷன்’னு நீரு நாக்கைச் சுழட்டிச் சொல்லுதீரே, அதேதான். 1960-கள்ல இங்கிலாந்துல, ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆராய்ச்சிக்கூடத்துல எரிக் ஃபாஸ்டர்னு ஒருத்தர் இதைக் கட்டிப் பாத்தாரு. அவரு தேடினது பழங்காலத்துப் பொருளு. நீரு தேடுறது அடுத்தவன் தொலைச்ச மோதிரம். சரி, கலிகாலம்.

கோயில் மணியை ஒரு தட்டு தட்டிட்டு நாக்கைப் பிடிச்சுக்கிட்டா, தட்டு நின்ன பிறகும் வெங்கலம் முனகும்லா? இந்த மெஷின் செய்யுறது அதுதான். அந்த வட்டத்தட்டுக்குள்ள இருக்க காயில்ல மின்சாரத்தைப் பாய்ச்சி, பட்டுனு நிறுத்திரும். நிறுத்தின வேகத்துல காயில்ல நூத்துக்கணக்கான வோல்ட் துள்ளி அடங்கும். அந்தத் துள்ளல்ல பக்கத்துல கெடக்க உலோகத்துக்குள்ள ஒரு சுழல் மின்சாரம் கிளம்பும். காயில் அடங்கின பிறகும் உலோகம் முனகிக்கிட்டே கெடக்கும். மெஷின் காதை மூடிக்கிட்டு ஒரு நொடி பொறுத்து, பிறகு காதைத் திறந்து அந்த முனகலைக் கேக்கு. ஒரு நொடின்னு பேச்சுக்குச் சொன்னேன். நெசத்துல பத்துப் பதினஞ்சு மைக்ரோசெகண்ட். ஒரு மைக்ரோசெகண்டுன்னா நொடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு. இப்படி நொடிக்கு நூத்துக்கணக்குல, சிலதுல ஆயிரக்கணக்குல தட்டிக்கிட்டே போவுது.

அந்தப் பொறுக்குற நேரத்துக்குப் பேருதான் டிலே. உம்ம மெஷின்ல கிடக்க திருகுலயே பெரிய திருகு அதுதான், நீரு அதைத்தான் தொடவே இல்ல.

ஏன் பொறுக்கணும்? கடத்தண்ணி உப்பு. உப்புத்தண்ணியில மின்சாரம் ஓடும், அதனால தண்ணியும் முனகும். ஆனா அதுக்கு ஆயுசு கம்மி, பத்துப் பன்னெண்டு மைக்ரோசெகண்டுக்குள்ள பேச்சை முடிச்சுரும். அதுக்கு முன்னாடி நீரு காதைத் திறந்தா கடல் பூராவும் தங்கம்னு மெஷின் கத்தும். சரி, இருவத்தஞ்சு, முப்பதுன்னு தள்ளி வச்சா? உப்பு அடங்கிரும், கூடவே கம்மல், திருகாணி, மெல்லிசு மோதிரம் எல்லாம் முனகி முடிச்சுட்டுத் தூங்கிரும். சின்னப் பொன்னுக்கும் ஆயுசு கம்மி வே. பெரிய வெள்ளிக்காசு, செம்பு, இரும்பு இதெல்லாம்தான் நெடுநேரம் முனகும்.

அதனால கேளும். ஒலர்ந்த மண்ணுல நின்னுக்கிட்டு டிலேயை வைக்காதேயும். இறங்கித் தண்ணிக்குள்ள போயி, காயிலை முழுசா முக்கி, அலை வந்து போவட்டும்னு நில்லும். டிலேயை ரொம்பக் கம்மியில வச்சுத் தொடங்கும். மெஷின் புலம்பும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தும். புலம்பல் எங்க நிக்கோ அங்க கையை எடுத்துரும். அதுக்கு மேல ஒரு மயிரிழை கூட ஏத்தாதேயும், அந்த மயிரிழையிலதான் ஒரு பொண்ணோட கம்மல் கெடக்கு. சில மெஷின்ல டிலே திருகு வெளிய இருக்காது, கம்பெனிக்காரனே ஒரு இடத்துல பூட்டி அனுப்பியிருப்பான். அப்படின்னா உமக்கு ஒரு வேலை மிச்சம். சிலதுல பல்ஸோட, அதாவது ஒரு தட்டோட, அகலத்தைக் கூட்டவும் கொறைக்கவும் திருகு இருக்கும். அகலத்தைக் கூட்டினா பெரிய சாமானுக்கு நல்லது, பேட்டரிக்குக் கேடு. சின்னப் பொன்னுக்கு அதால பெருசா ஒண்ணும் ஆவாது.

கடல்லயே மோசமான இடம் ஆழம் இல்ல. அலை ஏறி இறங்குற விளிம்பு. காயில் ஒரு நேரம் தண்ணிக்குள்ள, ஒரு நேரம் வெளிய. தண்ணி தொட்டா ஒரு சத்தம், விட்டா ஒரு சத்தம். நேத்து நீரு நின்னது அங்கதான், முட்டி கூட நனையாம. முழுசா உள்ள போனீருன்னா உப்போட முனகல் ஒரே சீரா இருக்கும், மெஷின் பழகிக்கும். இல்ல, மேலேறி ஈரமண்ணுக்குப் போயிரும். விளிம்புலயே நிப்பேன்னா டிலேயைக் கொஞ்சம் கூட்டி, சின்னதுக எல்லாத்தையும் கடலுக்கே தானம் பண்ணிரும்.

அடுத்தது திரெஷ்ஹோல்ட். ஹெட்போன்ல எப்பவும் ஒரு மெல்லிசு ரீங்காரம் கேக்கணும், அவ்வளவுதான். நீரு வச்ச வைப்புல ஆவி பறக்குற மில் சங்கு கேக்குது. அதுல ஆழத்துல கெடக்க மோதிரத்தோட சத்தம் எங்க கேக்கப் போவுது? ரீங்காரத்தை அடியோட அணைச்சுட்டு ‘அமைதியா இருக்கு’ன்னு போறவனும் உண்டு, அவனுக்கும் லேசு சத்தமெல்லாம் போயிரும். கேக்குதா கேக்கலையான்னு சந்தேகம் வருதுல்லா, அந்த இடத்துல வையும். அதையும் தண்ணிக்குள்ள நின்னே வையும். உள்ள அலை இரைச்சல்ல காதுக்குக் கேக்குறதே வேற.

வீசுற வேகமும் அப்படித்தான். நீரு கதிர் அறுக்க மாதிரி வீசாதேயும். பெரும்பாலான மெஷின் தன் ரீங்காரத்தைத் தானே சரி பண்ணிக்கிட்டே போவும். காயிலைப் பொருளுக்கு மேல நிப்பாட்டினா, சத்தம் கொஞ்ச நேரத்துல கரைஞ்சு போயிரும். ‘ஒண்ணுமில்ல’ன்னு நீரு நகந்திருவீரு. ரொம்ப வேகமாப் போனா அடையாளம் விட்டுப் போவும். மெதுவா, நிக்காம, காயில் தரையை ஒட்டியே போவணும். ஒவ்வொரு வீச்சும் முன்ன போனதுல பாதியை மூடணும்.

இப்ப சத்தம் கேக்குது. தோண்டலாமா? இந்த மெஷினுக்குச் சாதி பாக்கத் தெரியாது, அதுல ஒரு மகிமை இருக்கு. இரும்பும் பொன்னும் அதுக்கு ஒண்ணு. நம்ம ஒரு ரூபா, ரெண்டு ரூபாக் காசெல்லாம் எவர்சில்வர், காந்தத்துல ஒட்டுறது. அந்தக் காசும் கத்தும், ஆணியும் கத்தும். ஆனா காதால கொஞ்சம் பிரிக்கலாம். தலை ஊசி, ஆணி மாதிரி நீளமா கெடக்க சாமானுக்கு மேல காயில் போனா அனேகமா ‘டொக் டொக்’னு ரெட்டைச் சத்தம். மோதிரம், காசுக்கு ஒத்தைச் சத்தம், உருண்டையா ஏறி இறங்கும். காயிலை ஒரு முழம் மேல தூக்கிப் பாரும். அப்பவும் குரல் கொறையலேன்னா கீழ கெடக்கது நங்கூரம், இல்லேன்னா உடைஞ்ச வள்ளத்து இரும்பு. அதை மெனக்கெட்டுத் தோண்டினா இடுப்பு பிடிச்சுக்கும், என் தங்கச்சிதான் உமக்குத் தைலம் தேய்க்கணும்.

டிலேயைக் கூட்டிக் குப்பையைத் தள்ளலாம்னு மெஷின் புஸ்தகத்துல எழுதியிருக்கும். தள்ளலாம்தான். வெள்ளி பேப்பரு போவும், டின்னு வளையம் போவும், அதே நேரத்துக்கு முனகுற கல்யாண மோதிரமும் போவும். குப்பை தோண்டக் கூச்சப்படுறவனுக்கு இந்த மெஷின் ஆவாது, காந்தத்தைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுத் திரியச் சொல்லும்.

இன்னொண்ணு உம்ம புஸ்தகத்துல இருக்காது. அதை எழுதினவன் ஊருல 10 கேரட், 14 கேரட் மோதிரம். நம்ம ஊருல 916, 22 கேரட். கலப்படம் கம்மி, அதனால மின்சாரம் ஓட லேசு, முனகல் கொஞ்சம் கூட நேரம் நிக்கும். அதே பருமன் மோதிரம்னா நம்ம பொன்னு உமக்கு நல்லாவே கேக்கும். ஆனா நம்ம கடல்ல மோதிரத்தை விடச் சங்கிலிதானே தொலையுது? சங்கிலின்னா வளையம் வளையமா கோத்தது. ஒண்ணோடொண்ணு ஒழுங்காத் தொடாது, சுழல் மின்சாரம் முழுச் சுத்து சுத்தாது. அஞ்சு பவுன் சங்கிலி மணல்ல கெடந்தாலும் மெஷினுக்கு அது அஞ்சாறு கடுகு. உமக்குக் கேக்கப் போறது கொக்கியும், தாலி உருவும், குண்டும்தான். மெட்டியும் அப்படித்தான், வாய் திறந்த வளையம். வெள்ளியா இருந்தாலும் வளையம் மூடலேன்னா குரல் அடங்கித்தான் வரும். சின்னச் சத்தத்தை ‘ஈயக்குண்டு’ன்னு தள்ளிட்டுப் போறவன், தாலிக்கொடியைத் தாண்டிப் போறான்.

பெரிய காயில் வாங்கலாமான்னு கேக்கப் போறீரு, தெரியும். பெரிய காயில்ல பெரிய சாமான் ஆழத்துல கேக்கும், சின்னது கேக்காது, தண்ணியில இழுக்கவும் தோள் விட்டுப் போவும். பவரைக் கூட்டலாமா? தூரத்துல சத்தம் தேயுற கணக்கு ரொம்பக் கொடூரம். ரெண்டு மடங்கு தூரம்னா அறுவத்து நாலுல ஒரு பங்குதான் மிஞ்சும். பவரைக் கூட்டிச் சத்தத்தை ரெண்டு மடங்காக்கினா கூட ஆழம் நூத்துக்குப் பன்னெண்டுதான் கூடும். ஒரு அடி போறது ஒரு அடி ஒண்ணரை அங்குலம் போவும். அதுக்கு நீரு குனிஞ்சு, மேல் மணலை ஒரு கை தள்ளிட்டுத் தேடினா காசு மிச்சம்.

இனிமே உம்ம உடம்பைப் பாப்போம். சட்டைப் பையில செல்போன். அதை வச்சுக்கிட்டு மெஷின் ‘கிறுகிறு’ன்னு கத்துதுன்னு கஸ்டமர் கேருக்கு நீரு போன் பண்ணதா கேள்வி. இந்த மெஷினுக்குக் காது அகலம், காத்துல போற எல்லா மின்சாரச் சத்தமும் உள்ள வரும். போனை வீட்டுல வையும். டவரு, கரண்டு லைனு பக்கம்னா பல்ஸோட எண்ணிக்கையைக் கொஞ்சம் மாத்துற திருகு இருந்தா அதை மாத்தும். இல்லேன்னா காயிலைத் திருப்பி, எந்தத் திசையில இரைச்சல் கம்மின்னு பாத்து வீசும். தண்ணிக்குள்ள போயிட்டா இந்தத் தொல்லை கொறையும், உப்புத்தண்ணி அதை மறிச்சுரும். அப்புறம் அந்த இடுப்புல கெடக்க வெள்ளி அரைஞாண், விரல்ல கெடக்க மாமனார் வீட்டு மோதிரம். குனிஞ்சு கையை விட்டுத் துழாவும்போது ‘கெடைச்சிட்டு, கெடைச்சிட்டு’ன்னு கத்தினீருல்லா, கேட்டது உம்ம மோதிரம் வே! முங்குறவன் இடுப்புல ஈயக்கட்டி கட்டுவான், அதுவும் கத்தும். காயிலை அதுக்கு எட்ட வீசணும்.

செவ்வல் தேரிப் பக்கமும், பழைய துறைமுகம் இருந்த பக்கமும் போனா இன்னொரு வேடிக்கை. சுட்ட செங்கல், பானையோடு இதுகளுக்கும் சில வேளை மெஷின் கத்தும், உலோகம் துளி இருக்காது. சூளையில சுட்ட மண்ணுல இருக்க இரும்புச்சத்து காந்தத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடும், அதுவும் ஒரு முனகல். சில செம்மண்ணும் அப்படித்தான். அதுக்குன்னு மண்ணைச் சமன் பண்ற திருகு சில மெஷின்ல உண்டு, கடக்கரை மெஷின் பலதுல இருக்காது. கருமணலைக் கண்டு மத்த சாதி மெஷினெல்லாம் மிரளும், உம்மது பெரும்பாலும் மதிக்காமப் போயிரும். அதுக்காகத்தான் இந்தச் சாதி மெஷினைக் கடல்ல எறக்குறாங்க.

எங்க தேடணும்கறதுக்கு உம்ம யூடியூப் வாத்தியாரு என்ன சொல்லுதாரு? ‘வத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போ’ம்பாரு. அவரு ஊரு கடல்ல அது சரி. இங்கிலாந்துல பிரிஸ்டல் கால்வாய்ல தண்ணி பத்து மீட்டருக்கு மேல ஏறி இறங்குது. நம்ம பக்கம் ஏத்தவத்தம் ஒரு மீட்டரைத் தாண்டாது. நீரு வத்தத்துக்குக் காத்துக்கிட்டு நின்னா தாடிதான் வளரும். நமக்கு மண்ணை அள்ளித் தர்றது வாடைக்காத்துக் காலம். ஐப்பசி, கார்த்திகையில கடல் கோவத்துல கரையைக் கடிச்சுத் தின்னும்போது, வருசக்கணக்கா மூடிக் கெடந்த அடிப்படுகை வெளிய வரும். திருச்செந்தூர்ல கடல் அரிச்சப்ப பழைய எழுத்து வெட்டின கல்லெல்லாம் எட்டிப் பாக்கலையா? அப்ப போவும். மணல் தண்ணியை விட ரெண்டரை மடங்கு கனம்னா, 22 கேரட் பொன்னு பதினேழு மடங்குக்கு மேல. அலை ஆட்ட ஆட்ட அது கீழ கீழ இறங்கி, களிமண்ணோ சிப்பிப் படுகையோ தட்டுற இடத்துலதான் நிக்கும். நீரு ஈயக்குண்டு கெடைச்சதுக்கு நேத்து முகத்தைச் சுளிச்சீருல்லா? ஈயக்குண்டும் கனம், அதுவும் அங்கதான் போயி நிக்கும். ஈயம் நெறைய கெடைக்க இடத்தை விட்டு நகராதேயும். தண்ணி ஓடின தடத்துல கருமணல் கோடு போட்டிருந்தாலும் அங்கேயே நில்லும்.

திருச்செந்தூர்ல அலைக்குள்ள நின்னு சிப்பி அரிக்கிறவங்களைப் பாத்திருப்பீரு. அவங்க கையில மெஷினா இருக்கு? பக்தருக தொலைச்ச நகையை மணலை அரிச்சே எடுத்துக் குடுக்காங்க. எந்த அலை எங்க மண்ணைப் போடும்னு அவங்க காலுக்குத் தெரியும். ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசும். பேட்டரி செலவு மிச்சம்.

கடலுக்குள்ள போறதுக்கு முன்னாடி மூடியில இருக்க ரப்பர் வளையத்தைப் பாரும். ஒரு மணல் துகள், ஒரு மயிர் குறுக்க கெடந்தாலும் தண்ணி உள்ள போயிரும், ஆயிரக்கணக்குல குடுத்த காசு சோடா மூடிக்குச் சமம். சிலிக்கான் கிரீஸைத் தொட்டும் தொடாம தடவும், அப்பிக் கொட்டாதேயும், அதுலதான் மணல் ஒட்டும். கடல்லேருந்து வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, காயவிட்டுப் பிறகு மூடியைத் திறயும். சீ ஹண்டர் மாதிரி மெஷின் 200 அடி ஆழம் தாங்கும்னு பொட்டியில போட்டிருக்கான். மெஷின் தாங்கும் வே. நீரு கிணத்துல படிக்கட்டு வரைக்கும் இறங்கினவரு. இடுப்பளவுக்கு மேல தனியாப் போவாதேயும். ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நிக்கவனுக்கு அலை வரது கேக்காது, இழுவை காலைத் தூக்கினது தெரியாது. கடலுக்கு முதுகைக் காட்டி நிக்காதேயும். கரையில ஒருத்தன் உம்மளையே பாத்துக்கிட்டு இருக்கணும், அவன் கையில செல்போன் இருக்கலாம், அதை அவன் நோண்டக் கூடாது.

கடைசியா, நீரு என்னைய வந்து பாத்ததே ‘கெடைச்சா யாருக்கு’ன்னு கேக்கத்தான், அது எனக்குத் தெரியும். நேத்து தொலைஞ்ச மோதிரம்னா அது தொலைச்சவனுது. கோயில் போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்து எழுதி வாங்கும். ஆளைத் தேடாம அமுக்கினா அதுக்குன்னு சட்டத்துல தண்டனை இருக்கு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்க 21 தீவு பக்கம் மெஷினோட எட்டிக்கூடப் பாக்காதேயும், அது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, வனத்துறைக்காரன் வள்ளத்தோட உம்மையும் கட்டி இழுத்துட்டுப் போவான். பாதுகாக்கப்பட்ட சின்னம்னு பலகை நட்ட இடத்துல மம்பட்டியைத் தூக்காதேயும். நூறு வருசத்துக்கு மேலான சாமான்னா அது தொல்பொருள், 1972 சட்டம், லைசென்ஸ் இல்லாம அதுல வியாபாரம் பண்ண முடியாது. மண்ணுல மறைஞ்சு கெடந்த புதையல்னா 1878-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், மறைச்சா ஒரு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். அன்னைக்குப் பத்து ரூபா பெருங்காசு, இன்னைக்கு ஒரு டீ. அதனால பானையில காசு ஏதும் அகப்பட்டா மாமாகிட்டக் காட்டாதேயும், கலெக்டர்கிட்டக் காட்டும்.